இலை எண்ணி வாங்கிய செடி

ஜூன் 3, திங்கள்

மருமகள் சிந்துஜாவை ஹைதராபாத் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். நாலு மாதம். அவளுடைய மருந்துக் கம்பெனி அங்கே புது ஆய்வகம் திறக்கிறதாம், இங்கிருந்து இவளை அனுப்புகிறார்கள். செப்டம்பர் கடைசியில் வந்துவிடுவாள். வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த டைரி அவள் வாங்கிக் கொடுத்தது. "செடிங்களுக்கு என்ன பண்ணுனீங்கன்னு ரெண்டு வரி எழுதி வைங்க அத்தை, பொழுதும் போகும்" என்றாள். எனக்குப் பொழுது போகாமல் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள், போன மே மாதம்தான் ஓய்வு பெற்றேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வரிசையில் நிற்க வைத்தவளுக்கு வீட்டுச் செடி வளர்ப்பது என்ன பெரிய கம்ப சூத்திரமா?

வீட்டில் இருப்பவை: ரப்பர் செடி, குரோட்டன்ஸ், ஜன்னலில் மணி பிளான்ட், பெயர் தெரியாத சில்லறைத் தொட்டிகள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பீஸ் லில்லி. அது பிரசன்னா வாங்கியது. கல்யாணமான புதிதில் சிந்துஜாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, அவள் மடியில் தொட்டியை வைத்துக் கூட்டிவந்தான். அவன் என் மகன். போய் இரண்டு வருடம் ஆகிறது. ஷட்டில் ஆடப் போனவன் கோர்ட்டிலேயே விழுந்தான். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மற்றவை போனாலும் பரவாயில்லை, பீஸ் லில்லி போகக் கூடாது. அது இந்த வீட்டில் இருக்கும்வரை சிந்துஜாவும் இருப்பாள் என்று எனக்கு ஓர் எண்ணம். கிறுக்குத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 6, வியாழன்

எல்லாத் தொட்டிகளையும் பால்கனிக்குக் கொண்டுபோய் உயர வாரியாக நிறுத்தினேன். நல்ல உச்சி வெயில். நிழலிலேயே நின்று வளர்ந்த பிள்ளைகளை நான் நம்புவதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

வீடியோ காலில் செடிகளைக் காட்டச் சொன்னாள். பீஸ் லில்லியின் இலைகளில் வெளுத்த திட்டுகள். குரோட்டன்ஸ் மட்டும் ஜம்மென்று இருக்கிறது.

"வெயில்ல வெச்சீங்களா அத்தை?"

"கொஞ்ச நேரம்."

"அதுக்கு வெளிச்சம் போதுமுங்க, வெயில் ஆகாது. காட்டுல பெரிய மரத்துக்கு அடியில வளர்ற செடி அது. தண்ணியும் மேல் மண்ணு காஞ்ச பொறவு ஊத்துனா போதும். விரல உள்ள விட்டுப் பாருங்க. வாரத்துக்கு ஒருக்கா அரிசி கழுவுன தண்ணி குடுங்க, அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

கோபப்படாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஜூன் 10, திங்கள்

எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தேன். தண்ணீர் ஊற்றினேன்.

ஜூன் 11, செவ்வாய்

தண்ணீர் ஊற்றினேன். சிந்துஜாவுக்குக் காலையில் போன் செய்தேன். மத்தியானம் சாப்பிட்டாளா என்று கேட்டேன். சாயங்காலம் எடுக்கவில்லை, அதனால் மறுபடியும் செய்தேன். மீட்டிங்கில் இருந்தாளாம். யாருக்கு மீட்டிங் சாயங்காலம் வரை நடக்கிறது?

ஜூன் 16, ஞாயிறு

அரிசி கழுவிய தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கழுவிய தண்ணீரிலேயே சத்து இருக்கிறதென்றால் வடித்த கஞ்சியில் எவ்வளவு இருக்கும்? எனக்குக் குக்கர் சோறு பிடிக்காது, தினமும் வடிக்கிறவள். கஞ்சி வீணாகத்தான் போகிறது. ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் என் பிள்ளைகளுக்கு நான் கொடுத்தது உப்புப் போட்ட வடிகஞ்சிதான். அதைக் குடித்துவிட்டு ஓடித்தான் மாவட்டக் கோப்பையை வாங்கி வந்தார்கள். குளுக்கோஸ் டப்பாவெல்லாம் பிறகு வந்தவை.

ஆறவைத்து, உப்புப் போட்டு, பீஸ் லில்லிக்கு ஒரு சொம்பு ஊற்றினேன். வெயிலில் வாடிய பிள்ளைக்குத் தெம்பு வேண்டாமா?

ஜூன் 20, வியாழன்

கஞ்சி. எறும்பு வந்திருக்கிறது. தொட்டியைச் சுற்றி மஞ்சள் தூள் போட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

பீஸ் லில்லி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. இலை நுனிகள் காப்பிப் பொடி நிறம். யூடியூப்பில் ஒரு பெண் இந்தச் செடி தாகம் எடுத்தால் துவண்டுவிடும், தண்ணீர் கண்டால் மறுபடி நிமிரும் என்கிறாள். ஊற்றினேன். சாயங்காலம் வரை பார்த்தேன், நிமிரவில்லை. இன்னும் ஊற்றினேன்.

ஜூன் 27, வியாழன்

நிமிரவில்லை. கஞ்சி.

ஜூன் 30, ஞாயிறு

வீடியோ காலில் சமையலறையிலேயே நின்று பேசினேன். ஹாலில் ஃபேன் பழுது, புழுக்கமாக இருக்கிறது என்றேன். ஃபேன் நன்றாகத்தான் ஓடுகிறது.

ஜூலை 5, வெள்ளி

யூடியூப் பெண்ணின் இன்னொரு வீடியோவை இன்றுதான் பார்த்தேன். தண்ணீர் போதாவிட்டாலும் துவளும், மிதமிஞ்சினாலும் அதே மாதிரிதான் துவளுமாம். வேர் அழுகிவிட்டால் குடிக்க வழியில்லை, தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும் என்கிறாள். உப்பு பட்டால் இலை நுனி கருகும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். இதை முதல் வீடியோவிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

செய்தித்தாளை விரித்து, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். பழைய சாக்கடை நாற்றம். வேரெல்லாம் பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது. கையை மூன்று முறை கழுவியும் நாற்றம் போகவில்லை.

நான்தான் கொன்றேன். வேறு எப்படி எழுதுவது? பிரசன்னா தொட்ட செடி. அவன் விரல் பட்ட மண். தரையில் உட்கார்ந்து அழுதேன். வெயிலில் காயவைத்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, அள்ளி அள்ளிக் கொடுத்தே கொன்றிருக்கிறேன்.

பெருக்கி அள்ளும்போது பார்த்தால், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பக்கக் குருத்து ஒன்றில் மட்டும் வெள்ளை வேர் இரண்டு இழை இருந்தது. அழுகியதைக் கத்தரித்துவிட்டு, தயிர் டப்பாவில் ஓட்டை போட்டுப் புது மண்ணில் நட்டேன். சமையலறை ஜன்னலில், எண்ணெய்த் தூக்குக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிழைக்குமா என்று தெரியாது.

ஜூலை 6, சனி

நர்சரிக்குப் போனேன். போனில் பழைய போட்டோ இருந்தது, போன தீபாவளிக்கு ஹாலில் எடுத்தது. அதைக் காட்டி, இதே உயரம், இதே அடர்த்தி, இலை இத்தனை வேண்டும் என்றேன். நர்சரிக்காரர் சிரித்தார்.

"எல்லாரும் பூவு இருக்குதான்னுதானுங்க கேப்பாங்க. இப்புடிப் போட்டோவ வெச்சு இலை எண்ணி வாங்கறது நீங்க ரெண்டாவது ஆளுங்கம்மா. ரெண்டு வருசம் இருக்கும், ஒரு பொண்ணு வந்து இதே மாதிரி நின்னு எண்ணுச்சு. எனக்கு மறக்கவே இல்லீங்க."

ஊரில் பைத்தியங்களுக்குக் குறைவில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அதில் நட்டேன். அச்சு அசல்.

ஜூலை 7, ஞாயிறு

வீடியோ கால். ஃபேன் சரியாகிவிட்டது என்று சொல்லி ஹாலுக்குப் போனேன். செடியைக் காட்டினேன். சிந்துஜா இன்னும் கிட்டக் காட்டச் சொன்னாள். இலை இலையாகக் காட்டினேன்.

"நல்லா இருக்குதுங்க அத்தை" என்றாள் பிறகு. "இலையெல்லாம் தொடச்சு வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது."

ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நிம்மதி. இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, புதன்

தயிர் டப்பாக் குருத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வளரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

பிடுங்கிப் பார்த்தேன். இருந்த இழையில் ஒன்று ஒடிந்துவிட்டது. இனிமேல் தொடுவதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

வீடியோ காலில் பார்த்தேன், அவள் அறையின் ஜன்னலில் ஒரு கண்ணாடி பாட்டில், அதில் மணி பிளான்ட் கொடி. போன வாரம் அது இல்லை.

"யாரு குடுத்தது கண்ணு?"

"ஒரு ஃப்ரெண்டுங்க அத்தை."

ஃப்ரெண்டுக்குப் பெயர் இருக்காதா? கேட்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஏதோ நினைத்துச் சிரித்தாள். அவளை அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. நல்லதுதான். அங்கே தனியாக இருக்கிறாள், நாலு பேர் பழக்கமானால் நல்லதுதான்.

ரப்பர் செடி இலைகளைத் துடைத்தேன். ஓர் இலை கிழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். கோபியிலிருந்து தங்கை வத்சலா போன் செய்தாள். சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நம்ம கனகு பையன் ஹைதராபாத்துலதான் வேலை பாக்கறான். சிந்துவ ஒரு ஓட்டல்ல பாத்தானாம். கூட ஒருத்தன் உக்காந்திருந்தானாம்."

"ஓட்டல்ல உக்காராம நின்னுட்டா சாப்புடுவாங்க?"

"உனக்குச் சொன்னாக் கோவம் வரும். அவளுக்கு வயசு இருக்குதுக்கா. எத்தன நாளைக்கு உன்னையவே பாத்துட்டு இருப்பா?"

பொங்கல் அடிபிடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பை எப்போதோ அணைத்தாயிற்று.

என்னை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் இன்றைக்கும் மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குச் சாவியைத் திருகும் சத்தம் கேட்டால் நன்றாக இருக்கும். அவ்வளவுதான். இது ஒரு குற்றமா?

குரோட்டன்ஸைக் கத்தரித்தேன். கொஞ்சம் அதிகமாகத்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

குரோட்டன்ஸ் மொட்டையாக நிற்கிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மணி பிளான்டில் இலைக்கடியில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், போய்விட்டது. ரப்பர் செடி ஜன்னல் பக்கமே சாய்கிறது, அதனால் வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புகிறேன். தண்ணீர் ஊற்றும் நாள் என்று ஒன்றும் கிடையாது. விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் எனக்கு வராது. பள்ளியில் சும்மா நிற்கிற பிள்ளைக்கு மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு கொடுத்தவள் நான்.

தயிர் டப்பாவில் புது இலை ஒன்று சுருட்டிக்கொண்டு வருகிறது. பென்சில் முனை அளவுதான். வத்சலாவுக்கு போன் செய்து சொன்னேன். "அதுக்கா போன் பண்ணுன?" என்றாள்.

செப்டம்பர் 7, சனி. விநாயகர் சதுர்த்தி

இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொழுக்கட்டை பிடித்துவிட்டேன். கை பழக்கம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

"அத்தை, இங்கயே இருந்துருன்னு கேக்கறாங்க. பதவியும் ஒசத்தித் தர்றாங்களாம்."

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"முடியாதுன்னுட்டேன். நீங்க அங்க தனியா இருப்பீங்கல்ல."

கும்பிட்ட சாமியெல்லாம் கைவிடவில்லை. போனை வைத்ததும் பாயசம் வைத்தேன், எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். இருபத்தொன்பதாம் தேதி வருகிறாள்.

எழுதி முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று பார்த்தால், அவள் முகம்தான் வந்து நிற்கிறது. முடியாது என்று சொன்னபோது சிரித்தாள். ஜூலையில் சிரித்த சிரிப்பு இல்லை அது.

செப்டம்பர் 16, திங்கள்

பாயசம் திரிந்துவிட்டது. கொட்டினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வந்துவிட்டாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். பையை வைத்ததும் ஒவ்வொரு தொட்டியாகப் போய்ப் பார்த்தாள். குரோட்டன்ஸில் புதுத் துளிர் வந்திருக்கிறது, அதைத் தொட்டுப் பார்த்தாள். ஹாலில் பீஸ் லில்லியின் முன்னால் நின்றாள். காப்பி போடுகிறேன் என்று நான் சமையலறைக்குப் போக, பின்னாலேயே வந்தாள். எண்ணெய்த் தூக்கை நகர்த்தினாள்.

"இது என்னங்க அத்தை?"

"அதுவா. தானா மொளச்சுது."

"தயிர் டப்பாவுலயா?"

நான் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஹால்ல இருக்கறது புதுசுன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றாள்.

"எப்படித் தெரியும்? இலை எண்ணியில்ல வாங்குனேன்."

"அதுக்கு முன்னாடி இருந்ததையும் நான் இலை எண்ணித்தான் வாங்குனேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள்தான் அணைத்தாள். பிறகு உட்கார வைத்துச் சொன்னாள். பிரசன்னா போன சமயம் வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லோரும் டம்ளரில் மீந்த காப்பியையும் டீயையும் அந்தத் தொட்டியில்தான் ஊற்றியிருக்கிறார்கள். மூன்றாம் மாதம் செடி செத்துவிட்டது. நான் பள்ளிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் இவள் போட்டோவை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போயிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க காலையில எந்திருச்சதும் அதுகிட்டப் போய்த்தான் இலையத் தொடச்சுட்டு நிப்பீங்க. அதுகிட்ட மட்டுந்தான் பேசுவீங்க. எங்கிட்டக்கூடப் பேசலைங்க அப்ப. அதுவும் போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருடம் கடையில் வாங்கிய செடியையா துடைத்துக்கொண்டிருந்தேன்? பிறகு அந்த நர்சரிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. நீங்க ரெண்டாவது ஆளுங்கம்மா. சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய முகத்தை நினைத்து நான் சிரிக்க, அவளும் சிரிக்க, சிரித்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் அழுகையாகிவிட்டது. பிரசன்னா போனபோதுகூட நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து அழவில்லை. அவள் அவள் அறையில், நான் என் அறையில்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். கேட்கக்கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நீ இந்த வீட்ல இருக்கறதும் அப்படித்தானா? நான் தாங்க மாட்டேன்னா?"

அவள் டப்பாவின் மண்ணை விரலால் தட்டிச் சமப்படுத்தினாள்.

"ஆரம்பத்துல இல்லீங்க அத்தை" என்றாள்.

பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்பிப் பழகியவள்தானே. அவள் பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. வலிக்கவும் செய்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

புதிதாகக் காப்பி கலந்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அந்த ஃப்ரெண்டுக்குப் பேரு கீரு ஒண்ணும் இல்லியா?"

டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "கிஷோருங்க" என்றாள்.

"பாட்டில்ல வெச்ச கொடிக்கு இப்ப யாரு தண்ணி மாத்தறது?"

"அவருதானுங்க. மறந்துருவாரு, நான் போன் பண்ணித்தான் சொல்லணும்."

"மறக்கட்டும், மறக்கறவங்க கையிலதான் செடி பொழைக்குது. என்னையாட்ட ஞாபகமா ஊத்தறவங்கதான் ஆகாது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஆபீசுக்குப் போன் பண்ணு. முடியாதுன்னதை முடியும்னு மாத்திச் சொல்லு. பதவி ஒசத்தறாங்கன்னா எவளாச்சும் வேண்டாம்பாளா?"

"அத்தை, நீங்க..."

"நான் மூணு மாடி ஏறுவேன். கையெடுத்துக் கும்பிடறேன், எனக்காகன்னு இங்க இருக்காத கண்ணு."

அக்டோபர் 5, சனி

ரயிலடி. பெரிய பெட்டிகளை லக்கேஜில் போட்டாயிற்று, தயிர் டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். பிரசன்னாவின் செடி இல்லை அது, நினைத்துப் பார்த்தால் அவளாகப் போய் வாங்கிய செடியின் குருத்துதான். அவள் எடுத்துப்போவதுதான் முறை.

"போனதும் பெரிய தொட்டியில மாத்திராத" என்றேன். "சின்னதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தோணும். பெருசுல வெச்சா வேரு குடிக்கறதுக்கு மேல தண்ணி நிக்கும். வெயில் ஆகாது. கஞ்சி ஊத்தாத."

"கஞ்சியா?" என்றாள். அவளுக்கு அது தெரியாது. நான் இதுவரை சொல்லவில்லை.

"தீபாவளிக்கு வாங்க ரெண்டு பேரும், சொல்றேன்."

அவள் கண் கலங்கியது. குனிந்து காலைத் தொட வந்தாள், டப்பா சாயும் என்று தடுத்துவிட்டேன். இறங்கி நின்று, வண்டி நகர்ந்தபோது கையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மனசு தீர அழுதேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

போய்ச் சேர்ந்துவிட்டாளாம். ஒரு இலை மட்டும் கொஞ்சம் துவண்டிருக்கிறதாம். இடம் மாறினால் அப்படித்தான் இருக்கும், இரண்டு நாளில் சரியாகும் என்றேன். எனக்கு இதெல்லாம் தெரிகிறது.

அக்டோபர் 9, புதன்

சாயங்காலம் ஏழு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் சாவியைத் திருகினார். எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

போனைக் கையில் எடுத்தேன். காலையில்தான் பேசினாள், நன்றாகப் பேசினாள். கிஷோர் வாங்கிவந்த தொட்டி அண்டா மாதிரி இருந்ததாம், திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். போனைத் திரும்பவும் மேசைமேல் வைத்துவிட்டு, ஹாலில் பீஸ் லில்லியின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன்.

இன்னும் ஈரம் இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம்.